புயல் நாளில் கோடியக்கரையின் மேட்டு நிலம் யாருக்கு?

கடைமடை_ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பணியிட மாறுதலில் இவ்வாண்டு வேதாரண்யம் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு வந்திருக்கிறேன். சொந்த ஊர் கொங்குப் பகுதி என்பதால் கடலையும் புயலையும் செய்தித்தாள் வழியாக மட்டுமே அறிந்தவள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த பிறகு, கோடியக்கரைக் காட்டு மான்களின் உடல்கள் காரைக்கால் கடற்கரையில் ஒதுங்கின என்று என் மாணவர்கள் தங்கள் வீட்டில் கேட்டதைச் சொல்கிறார்கள். பழைய செய்திகளைப் புரட்டினால் அது உண்மை என்றே தெரிகிறது. காடு கையெட்டும் தூரத்தில் இருக்க, மான்கள் எப்படிக் கடலுக்குள் போயின? வடகிழக்குப் பருவத்தில் இங்குள்ள மக்களும் விலங்குகளும் எங்கே ஒதுங்குகின்றனர்? துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்களையும் யாரேனும் விளக்கினால் வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கும்.

சந்நிதித்தெரு_வாசி

ஆசிரியை அம்மா, எங்கள் ஊருக்கு நல்வரவு. நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதை முதலில் மனத்தில் வரைந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் பெருஞ்சதுப்பு என்று மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த முனை இது. இங்கே உலர்ந்த நிலம் என்று சொல்லத்தக்கவை கரையோரம் நீளும் மணல்மேடுகளும், அவற்றின் மீது வளர்ந்த பாலை மரக் காடும், மேடுகளுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் புல்வெளியும்தான். காட்டிலேயே உயரமான இடம் இராமர் பாதம். குன்று ஒன்றை எதிர்பார்த்து வரும் வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் இவ்வளவுதானா என்று கேட்பார்கள். ஆனால் தண்ணீர் ஏறும் நாளில் அந்த மேட்டின் மதிப்பே வேறு.

கஜா இரவில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றது. புயலின் நடுப்பகுதி எங்கள் தலைக்கு மேல் கடந்துகொண்டிருந்த நேரம் அது. முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியே வந்து ஓட்டைச் சரிசெய்யத் தொடங்கியவர்கள் பலர். பிறகு எதிர்த்திசையில், தெற்கிலிருந்து, முன்னதைவிடக் கடுமையாகக் காற்று திரும்பியது. வடக்குக் காற்றில் வேர் ஆட்டங்கண்ட மாவும் தென்னையும் தெற்குக் காற்றில் விழுந்தன. உங்கள் மாணவர்களுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்: நடு இரவில் காற்று திடீரென ஓய்ந்தால் கதவைத் திறக்க வேண்டாம்.

உள்ளான்

பறவை பார்ப்பதற்காகப் பல ஆண்டுகளாகக் கோடியக்கரை வருபவன் என்ற முறையில் மான்களைப் பற்றிச் சில சொல்கிறேன். இந்தச் சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டதே வெளிமானைக் காப்பதற்காகத்தான். வெளிமான் திறந்த வெளியில் வாழும் விலங்கு. தூரத்தில் ஆபத்தைக் கண்டு, ஓடித் தப்பிப்பது அதன் வழக்கம். அடர்ந்த புதருக்குள் நுழைவதை அது விரும்புவதில்லை. புள்ளிமான் அப்படியன்று, காட்டுக்குள் இயல்பாகப் புகுந்துகொள்ளும். ஆக, வெளிமான் மேயும் புல்வெளிதான் இங்கே தாழ்வான நிலம், கடல் ஏறும்போது முதலில் மூழ்குவதும் அதுதான். அது ஒதுங்க வேண்டிய மணல்மேட்டிலோ மரமும் முள்ளும் மண்டிக் கிடக்கின்றன. இருட்டிலும் காற்றிலும் அதன் கண்ணும் காலும் ஒருசேரப் பயனற்றுப் போகின்றன.

உடல்கள் வடக்கே காரைக்கால் வரை போனது பற்றி என் ஊகம் இது. நவம்பரில் நம் கரையோர நீரோட்டம் பொதுவாக வடக்கிலிருந்து தெற்காக ஓடும். அதன்படி அவை தெற்கே போயிருக்க வேண்டும். ஆனால் புயலின் மையம் மேற்கே நிலத்துக்குள் நகர்ந்ததும் இங்கே தென்காற்று வலுத்தது என்பதைச் சந்நிதித்தெரு நண்பர் மேலே எழுதியிருக்கிறார். சதுப்பிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் வடிந்த நீரோடு கடலுக்குள் இழுக்கப்பட்டவற்றை அந்தக் காற்றே வடக்கே தள்ளியிருக்கும் என்று கருதுகிறேன். மட்டக் குதிரைகளும் பறவைகளும்கூட அன்று ஏராளமாக மடிந்தன. பறவைகளுக்கு இறக்கை இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். அந்த வேகக் காற்றில் கிளையை விட்டெழுந்த பறவை மீண்டும் அமர இடம் தேட முடியாது. நடுக்கடலிலேயே வாழும் சிலவகை ஆலாக்கள் புயலுக்குப் பிறகு கடலிலிருந்து வெகு தொலைவில் வயல்களில் சோர்ந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தெரிவிப்பதே நல்லது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆறுகாட்டுத்துறைக்காரன்

கூண்டு பற்றி நான் எழுதுகிறேன். எண் கூடினால் காற்றும் கூடும் என்றுதான் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு மட்டுமே அது சரி. 1-ம் 2-ம் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கானவை. 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதற்கானவை. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தரத்துப் புயலைக் குறிக்கும். துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் அமைந்தால் 5, வலப்பக்கம் அமைந்தால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு அதே வரிசையில் 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துபோனால் 11. ஆகவே 8-ஐ விட 9 கொடியது என்பதற்குக் காற்றின் வேகம் காரணமன்று.

இடம், வலம் என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கம், அதாவது வடக்குப் பக்கம், கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீர் ஏறும். இடப்பக்கம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கிழக்கு நோக்கிய ஊர்களுக்கு எல்லாம் இந்தக் கணக்குப் பொருந்தும். கோடியக்கரைக்குப் பொருந்தாது, ஏனென்றால் அதற்குத் தெற்கிலும் கடல் இருக்கிறது. புயல் நாகப்பட்டினத்தில் கடந்தாலும் பின்னால் திரும்பும் தென்காற்று பாக் நீரிணைத் தண்ணீரை முனைக்குள் தள்ளும். ஆழமில்லாத கடல் என்பதால் நீர் பரவ வழியின்றி உயரத்தான் செய்யும். வடக்கிலிருந்து வரும் வாடையும் எங்களுக்குக் கேடு, தெற்கிலிருந்து வரும் சோழகமும் கேடு.

தொழில் நிலவரம் என்னவென்றால், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அதன் பின்னர் மழைக்காலம் தொடங்கும்போது சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து மீனவர்கள் குடும்பத்தோடு கோடியக்கரைக்கு வந்து, கீற்றுக் கொட்டகை போட்டு, பங்குனி வரை தங்கித் தொழில் செய்வார்கள். காலா, வாவல், நண்டு, திருக்கை என்று கிடைக்கும் காலம் அது. நல்ல மீனும் பெரும் புயலும் ஒரே பருவத்தில் வருவதுதான் எங்கள் பிழைப்பின் சிக்கல். எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுப்போம், எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவோம், வலையைச் சுருட்டிக் கட்டுவோம். படகு ஏற்றும் அந்த மேடும் மணல்மேடுதான். மானும் படகும் ஒரே இடத்தைத் தேடுகின்றன.

கடைமடை_ஆசிரியை

மிக்க நன்றி. கூண்டு பற்றிய விளக்கத்தை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டேன். ஆசிரியர் அறையிலும் அது பேசுபொருளாகிவிட்டது. ஒரு கேள்வி. அசாமின் காசிரங்காவில் பிரம்மபுத்திரா வெள்ளத்திலிருந்து காண்டாமிருகங்கள் தப்புவதற்குச் செயற்கை மண்மேடுகள் கட்டியிருக்கிறார்கள். கோடியக்கரைப் புல்வெளியிலும் அப்படிச் சில மேடுகளை எழுப்பினால் என்ன?

மணல்மேடு

கடலோர நிலவியல் படித்தவன். காசிரங்கா ஒப்பீட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே வெள்ளம் நாள்கணக்கில் மெல்ல ஏறும், வாரக்கணக்கில் நிற்கும். விலங்குகள் பகலில் நடந்து மேடு சேரவும், மேடு போதாதபோது நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லோங் குன்றுகளுக்குப் போகவும் நேரம் இருக்கிறது. இங்கே புயல் அலை சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், ஏறி இறங்கிவிடும். அந்தக் காற்றில் ஒரு மான் புல்வெளி நடுவே உள்ள தனி மேட்டைக் கண்டுபிடித்து ஏறும் என்று நான் நம்பவில்லை. இன்னொன்று, மண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்து மணல்மேட்டைத் தோண்டிப் புதுமேடு கட்டுவதில் என்ன பயன்?

இயற்கையே கட்டிவைத்த மேடுகளைக் கெடுக்காமல் இருப்பதும், புல்வெளியிலிருந்து அவற்றுக்குப் போகும் வழியைத் திறந்து வைப்பதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. வழியை அடைத்திருப்பது சீமைக்கருவேல். வெளிமானுக்கு அது ஒரு முள்சுவர்.

மணல்மேட்டின் இன்னொரு பயனும் பேசப்படுவதில்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மீது நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே காரணம். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை உப்புநீரை அழுத்திவைக்கும் என்பது பாடநூல் கணக்கு. மேட்டு மணலை அள்ளினால் சுவர் போவதோடு குடிநீரும் போகும். புயல் அலை புகுந்த குட்டைகள் உப்பாகிவிடும்போது மானுக்கும் மனிதனுக்கும் எஞ்சுவது மேட்டடித் தண்ணீர்தான்.

சந்நிதித்தெரு_வாசி

மணல்மேடு நண்பரின் கருத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் மேட்டுக்குப் பின்னால் வயல் வைத்திருப்பவனின் பக்கத்தையும் கேட்க வேண்டும். நாங்கள் காவிரியின் கடைமடை. மேற்கே பெய்த மழை முழுவதும் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல்நீரை உள்ளே விடாத மேடு மழைநீரையும் வெளியே விடாது. சம்பா நாற்று நாலைந்து நாள் முழுக்க மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். அப்போது மேட்டை வெட்டித் தண்ணீரை வடிக்கச் சொல்லி ஊரே கேட்கும், வெட்டவும் செய்வார்கள். வெட்டிய வாய் அடுத்த புயலில் கடலுக்கு வாசலாகும். வேதாரண்யம் கால்வாயும் வடிகால்களும் தூர்ந்து கிடக்கும் வரை இந்தச் சண்டை தீராது. மேட்டைக் காப்பாற்றச் சொல்பவர்கள் முதலில் வடிகாலைத் தூர்வாரச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீர் பற்றியும் ஒன்று. எங்கள் பகுதிக்குக் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. கஜாவில் மின்கம்பங்கள் சாய்ந்து மோட்டார்கள் நின்றபோது, சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்க ஒரு குடம் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீதி வீதியாகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள். எச்சரிக்கை வந்த அன்றே வீட்டிலுள்ள எல்லாக் குடங்களிலும் தண்ணீர் பிடித்து மூடி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

உப்பளத்து_மகள்

இதுபோன்ற விவாதங்களில் யாராவது ஒருவர் உப்பளங்கள்தாம் காட்டை நெருக்குகின்றன என்று கட்டாயம் எழுதுவார் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அகஸ்தியம்பள்ளியில் உப்பு வாருகிறார்கள். ராஜாஜி 1930-இல் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த அதே மண்தான். தையில் பாத்தி கட்டத் தொடங்கி, கோடை முழுவதும் வாரி, ஐப்பசி மழையோடு தொழில் முடிந்துவிடும். பிறகு தை வரை எங்களுக்கு வேலை இல்லை. மழைக்கு முன் உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்று வேய்ந்து காப்போம். கஜாவில் கீற்றும் போயிற்று, அம்பாரமும் கரைந்தது, பாத்திகளில் கடல் கொண்டுவந்த சேறு படிந்தது. அந்தச் சேற்றை அள்ளாமல் உப்பு வெள்ளையாக வராது. அடுத்த பருவம் தொடங்கவே தாமதமாயிற்று.

சிறு உப்பளங்களின் வரப்பு முழங்கால் உயரம்கூட இருக்காது. கடல் வந்தால் அது தடுக்கப்போவதும் இல்லை, நீர் வடிவதை மறிக்கப்போவதும் இல்லை. பெரிய தேக்கங்களுக்குப் போட்ட உயரமான கரைகள் நீரோட்டத்தை மாற்றியிருக்கலாம், அதை அளந்து பார்த்துப் பேசுவோம். ஆனால் அதே தேக்கங்களில்தான் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன என்பதையும் உள்ளான் அவர்கள் சொல்ல வேண்டும்.

உள்ளான்

சொல்கிறேன், அது உண்மையே. பூநாரைக்கு வேண்டியது கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான உவர்நீரும் அதிலுள்ள நுண்பாசியும் சிற்றிறாலும். உப்பளத் தேக்கங்களில் அவை இரண்டும் உண்டு. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்ற வடதுருவத்துப் பறவைகளுக்கும் அலை வடிந்த சேற்றுப்பரப்போடு உப்பளங்கள் இன்னொரு மேய்ச்சல் இடம். 2002-இல் இப்பகுதி ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. அந்த 38,500 எக்டேரில் காடு சிறு பகுதிதான், சதுப்பும் உப்பளமும் சேர்ந்ததே ராம்சார் நிலம். எனவே உப்பளத்தை எதிரியாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் தேக்கத்தின் நீர் ஆழமானால் பூநாரை போய்விடும், உப்பு மிகுந்தாலும் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சீமைக்கருவேல் பற்றி மணல்மேடு எழுதியதற்கு ஓர் இணைப்பு: அதன் நெற்றைக் குதிரையும் மாடும் தின்று, விதையைச் சாணத்தோடு புல்வெளி முழுவதும் பரப்புகின்றன. அறுத்தால் தூரிலிருந்து தழைக்கும். வேரோடு பறிக்க வேண்டும், அடுத்த சில ஆண்டுகள் நாற்றுகளைத் தொடர்ந்து பிடுங்க வேண்டும். கஜாவில் பாலை மரங்கள் சாய்ந்து காட்டுக்குள் வெயில் விழுந்த இடங்களில் அதுவே முதலில் முளைக்கப் பார்க்கும். விழுந்த மரங்களை எல்லாம் அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அப்போது பலர் கோரினார்கள். விழுந்த மரத்தடியில்தான் பாலைக் கன்று நிழலும் மேய்ச்சலிலிருந்து காப்பும் பெறுகிறது. பாதையை மறிப்பவற்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிடலாம்.

ஆறுகாட்டுத்துறைக்காரன்

மேட்டைக் காக்கச் சவுக்கு வைக்கலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,000-க்கும் மேல் கன்று நட்டதும், 2004 சுனாமியில் அந்தத் தோப்பு ஊரைக் காத்ததாகப் பேசப்படுவதும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

மணல்மேடு

தெரியும், ஆனால் அங்கே தோப்பு காத்ததா, தோப்பின் அடியிலிருந்த உயரமான மணல் காத்ததா என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். மரத்தை நட்டவர்கள் மணலை அள்ளவிடாமல் செய்ததே பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன். சுனாமிக்குப் பின் கரை நெடுகச் சவுக்கு வைக்கும் பழக்கம் பரவியதில் ஒரு கேடும் உண்டு. அலை ஏறும் எல்லை வரை சவுக்கு நட்டால், கடலாமை முட்டையிட வேண்டிய திறந்த மணல் குறுகிவிடும். மேலும், வேர் பிடித்த மணலைப் புயல் அலை அறுக்கும்போது கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக வெட்டுப்படும்; ஆமையால் அதில் ஏற முடியாது. அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருந்தால் மணல் பிடிபடும், ஆமையும் ஏறும். சவுக்கைப் பின்வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைமடை_ஆசிரியை

ஆமை பற்றி இன்னும் சற்று விளக்க முடியுமா? மாணவர்களை அழைத்துப்போக ஆசை.

ஆறுகாட்டுத்துறைக்காரன்

தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, நூற்றுக்குச் சற்று மேலோ கீழோ முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். நாயும் நரியும் தோண்டுவதால் வனத்துறையினர் முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஏறத்தாழ ஐம்பது நாளில் பொரிக்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை என்பதால் கைவிளக்கும் கைப்பேசி வெளிச்சமும் கூடாது. வனத்துறை அலுவலகத்தில் முன்னதாக எழுதிக் கேட்டால், கடலில் குஞ்சு விடும் நாளில் பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள். செத்த ஆமைகள் ஒதுங்குவதையும் பிள்ளைகள் பார்க்க நேரும். 2025 சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது பழி முழுவதும் மீனவர் மீது விழுந்தது. மூச்சு விட மேலே வரவேண்டிய உயிரினம் இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் சாகும் என்பது உண்மைதான். ஆனால் கரையோரம் சிறு ஃபைபர் படகில் போகிறவனையும் இழுவலைக்காரரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உப்பளத்து_மகள்

ஆசிரியை அவர்களே, ஆமைக்குத் தை வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். கஜாவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் பெரியவர்கள் சுவரையும் படிக்கட்டையும் தொட்டுக் காட்டுவார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளைக் கொண்டு அந்த இடங்களில் எல்லாம் குறி வைக்கச் செய்யுங்கள். வரப்பும் கரையும் தண்ணீரை எங்கே மறித்தன என்று வாதாடுகிறோமே, அந்தக் குறிகள் அதற்கும் விடை சொல்லும்.

கடைமடை_ஆசிரியை

மிக நல்ல யோசனை. ஆனால் ஒரு வீட்டுச் சுவரின் குறியையும் இன்னொரு தெருவின் குறியையும் எப்படி ஒப்பிடுவது? எங்களிடம் அளவைக் கருவி எதுவும் இல்லை.

மணல்மேடு

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாய் போதும். அதில் நீரை நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தொலைவாயினும் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஓர் அரசுக் கட்டடத்தில் கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும் மட்டக்கல் பொறித்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் பள்ளியின் முதல் படியைச் சுழி என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து குழாயின் நீளத்துக்கு ஒரு கட்டமாக நகர்ந்து, ஒவ்வொரு குறியும் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். அளவுகளை இந்த இழையிலேயே பதிவிட்டால் வரைபடம் நான் போட்டுத் தருகிறேன். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் தொடங்கிவிடுவது நல்லது.

சந்நிதித்தெரு_வாசி

குழாய் என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. எங்கள் தெருவில் தண்ணீர் வந்து நின்ற படியையும் காட்டுகிறேன்.